இரண்டு மில்லி இறக்கம்

நல்லூர், திருப்பூர்
கார்த்திகை 8, திங்கள்

அம்மிணி மோனிஷாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், உன் அண்ணனும் அண்ணியும் சுகம், வாசலில் படுக்கும் நாய்கூடச் சுகம், உன் மஞ்சள் விமானம் மட்டும் நடுவில் கொஞ்ச நாள் சுகமில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. கனடாவில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாய், உள்ளே இரண்டு பனியனாகப் போட்டுக்கொள், பனியன் ஊரில் பிறந்துவிட்டு ஒரு பனியனோடு விறைத்துக்கொண்டு நிற்காதே.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை முகம் பார்த்துப் பேசும்போது, “ஏனுங்கப்பா, ஷோகேஸ் மேல எதுக்கு ஒரு மாசமாத் துண்டு தொங்குது” என்று கேட்டாய், நான் “தூசிக்குக் கண்ணு” என்றேன். அது பொய் இல்லை, தூசி இருக்கத்தான் செய்தது. ஆனால் உள்ளே நீ ஒட்டிச் செய்த அந்தப் பிளாஸ்டிக் விமானம் இல்லை, மொட்டை மாடி அறையில் காய்ந்துகொண்டிருந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு கனைப்புக் கனைத்தாள், உனக்கும் கேட்டிருக்கும். போனை வைத்ததும் கரண்டியோடு வந்து நின்று, “நீங்களாச் சொல்றீங்களா, இல்ல அடுத்த ஞாயித்துக்கெழம நாஞ் சொல்லட்டுங்களா” என்றாள். அவள் சொன்னால் எப்படிச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன், உன் அண்ணன் பனியன் சாம்பிள் அனுப்பும் கூரியரில் போட்டால் சனிக்கிழமைக்குள் வந்துவிடுமாம்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தோம். உன் ஷோகேஸை நகர்த்த வேண்டி விமானத்தை வெளியே எடுத்துக் கூடத்து மேஜையில் வைத்தது உன் அண்ணன். சுவரில் ஆள் பெயிண்ட் அடிக்கும்போது யாராவது கீழே விமானத்தை நிறுத்துவார்களா? எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. மேலிருந்து ஒரு சொட்டு நீலம், சரியாக விமானத்தின் இடது விலாவில், நம்பர் பிளேட் மாதிரி நீ ஒட்டிய ஐந்து எழுத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. உன் அண்ணன் ஈரத்துணியால் துடைத்து அதை இன்னும் பெரிதாக்கினான். நான் கம்பெனிக்குப் போய்ச் செக்கிங் டேபிளில் இருக்கும் கறை எடுக்கும் கன்னைக் கொண்டு வந்தேன். முப்பத்தொரு வருஷம் ஸ்டிக்கர் பிரிண்டிங் நடத்தியவன் நான், எண்ணெய்க் கறை, மைக் கறை, வெற்றிலைக் கறை எதுவும் அந்தக் கன்னுக்கு முன்னால் நின்றதில்லை. அடித்தேன். கறை போய்விட்டது. இதை ஒப்புக்கொள்ள இந்த வீட்டில் ஒருவருக்கும் மனசில்லை. நீலம் துளிகூட இல்லாமல் போனது. கூடவே நீ அடித்த வார்னிஷ் போனது, வார்னிஷுக்கு அடியில் இருந்த உன் எழுத்து பாலாடை போலச் சுருண்டு போனது, அதற்கும் அடியில் மஞ்சளும் கொஞ்சம் போனது. உன் அம்மா, “புள்ள பன்னெண்டு வருசமா வெச்சிருந்தத பன்னெண்டு செகண்டுல கழுவி ஊத்திப்போட்டீங்ளே” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். எட்டு செகண்டுதான்.

நீ தை பிறந்ததும் வருகிறாய். வந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அந்த ஷோகேஸுக்குத்தான் போவாய், போன தடவையும் அப்படித்தான் போனாய். அதற்குள் அது பழையபடி நின்றாக வேண்டும், நிற்காவிட்டால் உன் முகத்தில் நான் எப்படி முழிப்பது? விமானத்தோடு வந்த கொடி, அம்புக்குறி மாதிரிக் குட்டி ஸ்டிக்கர்கள் மிச்சம் நிறைய இருந்தன. ஆனால் அந்த ஐந்து எழுத்து நீ பதினாறு வயதில் கம்ப்யூட்டரில் வரைந்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தது, அது எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது. உன் மேஜையைக் குடைந்து, காம்பஸ் பெட்டிக்குள் பழைய ஹால் டிக்கெட்டுக்கு அடியில் மிச்சம் இரண்டு துண்டுகளைக் கண்டுபிடித்தேன். வலது பக்கத்து எழுத்து பழுதில்லாமல் இருந்ததால் எனக்கு வேண்டியது ஒன்றுதான், கையில் இருந்தது இரண்டு. போதும் என்று நினைத்தேன்.

ஸ்டிக்கர் என்றால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூற்றைம்பது டிகிரி சூடு, பத்து செகண்டு அழுத்தம், ஆறியதும் காகிதத்தை உரிக்க வேண்டும், இந்தக் கையால் எத்தனை லட்சம் பனியன் நெஞ்சில் ஒட்டியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஹீட் பிரஸ்ஸுக்குள் விமானம் நுழையாது என்பதால் உன் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியின் மூக்கை மட்டும் வைத்து லேசாக அழுத்தினேன். விமானத்தின் விலா உள்ளே போய்விட்டது. உன் துண்டுக் காகிதத்தின் பின்னால் தண்ணீரில் நனைத்து ஒட்டச் சொல்லும் படம் போட்டிருந்ததாக உன் அண்ணன் அப்புறம் சொன்னான், முதலில் சொல்வதற்கு அவனுக்கு வாய் இல்லை. எழுத்து இஸ்திரிப் பெட்டியோடு போனது, நான் கவனிக்கவில்லை, மறுநாள் உன் அம்மா புடவை தேய்த்தபோது அது அரக்குப் புடவையின் முந்தானையில் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அதைக் கட்டிக்கொண்டே கோயிலுக்குப் போகிறாள், யார் கேட்டாலும் நின்று முழுக் கதையும் சொல்கிறாள்.

வேறு வழியில்லாமல் பல்லடம் ரோட்டில் மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ராபினிடம் கொண்டு போனேன். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட இருக்காது. விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இதப் போய் யாரு இஸ்திரி போட்டது” என்று கேட்டான். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் என்றேன். “அவன இனி வீட்டுக்குள்ளயே விடாதீங்க” என்றான். சரி என்றேன். பள்ளத்துக்குப் பட்டி வைத்துத் தேய்த்து, வலது பக்கத்து மஞ்சளைப் பார்த்து அதே மஞ்சளைக் கலந்து கொடுத்தான், அதில் குறை சொல்ல முடியாது. அடிப்பதை நான் அடித்துக்கொள்கிறேன் என்றேன். “மஞ்சள் அடிங்க, ஆனா மேல வார்னிஷ் மட்டும் மழை விட்டப்பொறவு அடிங்க அண்ணாச்சி” என்றான். ஐப்பசியில் மழை எப்போது விட்டது, நான் எப்போது அடிப்பது? அன்று சாயங்காலமே கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சளையும் வார்னிஷையும் அடித்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விமானம் முழுக்கச் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிட்டது. ராபினுக்குப் போன் செய்து உன் வார்னிஷ் கலப்படம் என்றேன். அவன், “நா சொன்னேம்லா, ஈரக்காத்துல அடிச்சா அது தண்ணியக் குடிச்சு வெளுக்கத்தான் செய்யும், சொந்தக்காரப் பையன் திரும்ப வந்துட்டானோ” என்றான். வாய் கொழுப்பு. நல்ல வெயில் அடித்த ஒரு நாள், மெதுவாகக் காயும் தின்னரை அவன் சொன்னபடி தூரத்தில் நின்று பட்டும் படாமல் அடித்தேன், வெளுப்பு கரைந்து மஞ்சள் திரும்பி வந்தது. அவன் சொன்னபடி என்று எழுதிவிட்டேன், ஆனால் அவனிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை, சிரிக்காதே. அந்தக் குட்டி ஸ்டிக்கர்களை வைத்து ஐஸ்கிரீம் டப்பா மூடிகளில் பழகினேன். ராபின் கொடுத்த மஞ்சள் பளபளப்பில்லாத ரகம். அதன்மேல் நேராக ஒட்டினால் எழுத்து நன்றாக இருக்கும், சுற்றிலும் மட்டும் மீன் செதிள் மாதிரி வெள்ளையாக மினுங்கும். இதை நான் யாரிடமும் கேட்கவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். பஞ்சு எழுப்பின துணியில் ஸ்டிக்கர் உட்காராது, இடுக்கில் காற்று நின்றுகொள்ளும், அதே சங்கதிதான் இங்கேயும். அப்படியானால் முதலில் மினுமினு வார்னிஷ் அடித்து மேல்பரப்பைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும், எழுத்தை ஒட்டி, காய்ந்தபின் மங்கல் வார்னிஷை மெல்லிசாக மூன்று கோட் அடித்து மூட வேண்டும். ஒரே கோட்டாகத் தடிமனாக அடித்தால் அடியில் இருக்கும் ஸ்டிக்கர் சுருங்கிவிடும், மூன்றாவது மூடியும் நான்காவது மூடியும் அதற்குச் சாட்சி. வளைவில் ஒட்டிக்கொள்ள உன் அண்ணி நூடுல்ஸுக்கு வைத்திருந்த வினிகரைத் தண்ணீரில் கலந்து தடவினேன். தடவியதும் ஸ்டிக்கர் கிழவன் தோல் மாதிரிச் சுருங்கும், பதறிப்போய்த் தொட்டால் கிழிந்துவிடும், தொடாமல் விட்டால் கால் மணி நேரத்தில் தானாகப் படிந்துவிடும். தொடாமல் இருப்பதற்குத்தான் எனக்கு மூன்று மூடி செலவானது.

போன புதன்கிழமை மத்தியானம் நாள் குறித்தேன். ஃபேனை நிறுத்தியாயிற்று, உன் அம்மா வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லை. பழைய துண்டு தண்ணீரில் உடைந்துவிடக் கூடாதென்று முதல் நாளே அதன்மேல் ஒரு கை வார்னிஷ் தடவிக் காயவைத்திருந்தேன். எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்க ஆல்பத்தை எடுத்து, நீ அந்த விமானத்தை முடித்த அன்று எடுத்த போட்டோவைத் தேடினேன். நீ இரண்டு ஜடையோடு விமானத்தின் இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். ஓரத்தில் நான் நிற்கிறேன், என் கையில் ஸ்டீல் ஸ்கேல்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ கொண்டு வந்து காட்டினாய், நான் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, “எழுத்து வால் பக்கம் ரெண்டு மில்லி எறங்கியிருக்குது கண்ணு” என்றேன். நீ “செரிங்கப்பா” என்றாய். அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அந்த விமானம் இடது பக்கத்தைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறது, விமானத்தை நிறுத்துகிற முறையே அப்படித்தான் போலிருக்கிறது என்று பன்னிரண்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடம் கேட்டேன். “இப்பத்தாந் தெரியுதுங்களா” என்றாள். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எழுத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி விமானத்தின் மேல் இறக்கினேன். உடையவில்லை. ஈரம் இருக்கும்வரை அதை எப்படி வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஸ்கேலை வைத்து நூல் பிடித்த மாதிரி நேராக நிறுத்தினேன், என் ஆயுசில் அவ்வளவு நேராக எதையும் ஒட்டியதில்லை. அப்புறம் போட்டோவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் வால் பக்கத்தை மெல்லத் தள்ளி இறக்கினேன். அளந்தேன். இரண்டு மில்லி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரம் பார்த்து உன் அண்ணன் உள்ளே வந்து, “கோணலா இருக்குதுங்களேப்பா, ஈரமாத்தான இருக்குது, நகத்தீட்டாப் போச்சு” என்று கையை நீட்டினான். “அப்ரூவல் ஆன சாம்பிள் அப்படித்தான்டா இருந்துச்சு, கைய எடு” என்றேன். சாம்பிள் எப்படியோ அப்படித்தான் சரக்கு, நாம் திருத்தப் போனால் அது நம் சரக்கு ஆகிவிடும். முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு மில்லிக்காக எத்தனையோ பீஸைத் தள்ளியிருக்கிறேன், இதை நான் பாஸ் பண்ணிவிட்டேன்.

அதற்காக அன்று நான் சொன்னது தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே, இரண்டு மில்லி இரண்டு மில்லிதான். நீயும் அங்கே நிஜ விமானத்துக்கு அடியில் அளவுகோலை வைத்துக்கொண்டுதானே சம்பளம் வாங்குகிறாய். ஆனால் முதலில் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்து ஸ்கேலை எடுத்திருக்கலாம். அன்று இது எனக்குத் தோன்றவில்லை.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது குறைவு, அரிசி தீரும் முன்னே வாங்கி வைத்துக்கொள், பனியில் வண்டியை வேகமாக ஓட்டாதே. தைக்கு வரும்போது சாக்லேட் வேண்டாம், அந்தத் தண்ணீரில் நனைக்கிற வெற்றுக் காகிதம் கிடைத்தால் பத்து ஷீட் வாங்கி வா, ராபினும் கேட்கிறான், அவனுக்கு இரண்டு கொடுத்தால் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது ஷோகேஸ் மேல் துண்டு இருக்காது. விமானத்தை இடது பக்கம் கூடத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும், நீ வந்ததும் மாற்றி வைக்காதே.

நோய் நொடி இல்லாமல், நினைத்த காரியமெல்லாம் கைகூடி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் சாமி.

இப்படிக்கு, உன் அப்பா
ந. பழனிமுத்து

ஸ்கேல் உன் மேஜை டிராயரில் இருக்கிறது. நான் அதை எடுக்க மாட்டேன்.