ஒன்பதாம் பக்கத்துக் குஞ்சு

திருவள்ளூர்
14.11.2025

அன்புள்ள ஏஞ்சலின்,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. காலேஜில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளை இப்படியா அலைய விடுவாய்?

எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்காக நான் எழுதிய ஏரிப் பறவைகள் புத்தகம் கிடைத்ததா? பாதி நீ சொன்னதுதான். நாரைகள் கூட்டில் இருக்கும்வரை உங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்குக்கூட வெடி போட மாட்டீர்கள் என்பதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் நம்பவே இல்லை. டிசம்பர் இருபதாம் தேதி அவர்களை அழைத்து வந்து உங்கள் ஏரிக்கரையில் நத்தைகுத்தி நாரைகளைக் காட்டப் போகிறேன். கல்வி அலுவலரும் வருகிறார். நீதான் பேச வேண்டும். அம்மா உனக்கென்று புளியோதரைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள்.

உன்
ஹம்ஸா


புதுவாயல்
22.11.2025

ஹம்ஸாவுக்கு,

புத்தகம் வந்தது. எங்கள் தெருவே படித்துவிட்டது, ஒன்பதாம் பக்கத்தை மட்டும்.

'செய்யக்கூடாதவை' என்று தலைப்புப் போட்டு, நாரைக்குஞ்சைக் கையில் வைத்திருக்கும் என் தம்பி சாம்சனின் படத்தைப் போட்டிருக்கிறாய். காட்டுப் பறவையை வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம் என்று கீழே எழுதியிருக்கிறாய். போன ஜனவரியில் எங்கள் வாசலில் நின்று நீயே எடுத்த படம் அது. காற்றில் விழுந்த குஞ்சைக் கூடையில் வைத்து, நத்தையை உடைத்து ஊட்டி, சிறகு முளைத்ததும் ஏரியில் விடுவது எங்கள் தெரு வழக்கம் என்று அன்று சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாய்.

உன் வெளியீட்டு விழாவுக்கு வந்த வனத்துறைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். "திங்கறதுக்கு இல்ல சார், பொழைக்க வெக்கத்தான் தூக்கிக்கினு வந்தேன்" என்று சாம்சன் சொல்லிப் பார்த்தான். கேஸ் போட்டுவிட்டார்கள். கேஸ் உள்ளவனுக்கு அவனுடைய கும்மிடிப்பூண்டி இரும்பு கம்பெனியில் கேட் பாஸ் கிடையாதாம். இத்தனை வருஷம் உலையடியில் வெந்தவன் இப்போது ஜங்ஷனில் லோடு இறக்கக் காத்து நிற்கிறான்.

இருபதாம் தேதி தாராளமாக வா. உன் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு எழுத்து பிசகாமல் எல்லாம் நடக்கும்.

ஏஞ்சலின்


திருவள்ளூர்
27.11.2025

அன்பு ஏஞ்சலின்,

கேஸ் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. முகத்தை மறைத்திருக்க வேண்டும், தப்புதான். ஆனால் பிள்ளைகளுக்கு நான் வேறு மாதிரி எழுத முடியாது. உங்கள் தெரு மாதிரி எல்லா ஊரும் இல்லை. வளர்க்கிறேன் என்று எடுத்துப் போய் விற்கிறவர்களும் உண்டு. இருபதாம் தேதி விழா நல்லபடியாக முடியட்டும், அந்த வனத்துறை அதிகாரியிடம் நானே போய்ப் பேசுகிறேன்.

ஹம்ஸா


திருவள்ளூர்
21.12.2025

ஏஞ்சலின்,

நேற்று திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகள் அழுதுகொண்டே வந்தார்கள். முந்தின நாள் மழைக்காற்றில் விழுந்த குஞ்சுகள் கரை முழுக்கக் கிடந்தன. சிலவற்றுக்கு இன்னும் உயிர் இருந்தது. மரத்துக்கு மரம் ஒன்பதாம் பக்கத்தின் ஜெராக்ஸ். உங்கள் ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு குஞ்சை எடுக்கக் குனிந்தாள். "தொடாத கண்ணு, உங்க மிஸ் கேஸ் போட்டுடுவாங்க" என்றாய். கல்வி அலுவலர் என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அந்த வாயில்லா ஜீவன்கள் உனக்கு என்ன செய்தன? நாளைக்கே அதிகாரியிடம் போய் சாம்சனுக்காகப் பேசுகிறேன். ஆனால் ஒன்பதாம் பக்கம் தப்பு என்று மட்டும் எழுத மாட்டேன். சட்டம் சட்டம்தான்.

ஹம்ஸா


புதுவாயல்
26.12.2025

ஹம்ஸாவுக்கு,

ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் குஞ்சைத் தூக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா, "பாவம்டி, அதுங்க இன்னா பண்ணுச்சிங்க" என்று அழுதாள். சாம்சன் என் முகத்தையே பார்க்கவில்லை. மழையில் அவை கத்தியது எனக்கும் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு, உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது அதிகாரியிடம் போகிறாயாக்கும். போன மாதம் உனக்கு முதலில் விழா முடிய வேண்டியிருந்தது.

உன் காலடியில் ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் கல்வி அலுவலர் இருந்தார். நீ குனியவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

உங்கள் பஸ் போன பிறகு அதை நான் தூக்கி வந்துவிட்டேன். என் கட்டிலுக்கு அடியில் கூடையில் இருக்கிறது. சாம்சன் நத்தை உடைத்துத் தருகிறான். பொங்கல் தாண்டினால் பறந்துவிடும். அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீ கொடுத்த புளியோதரைப் பொடியைப் பிரிக்கவில்லை, இதோடு திருப்பி அனுப்புகிறேன். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டுமோ நீயே சொல்லிக்கொள்.

கூடையில் இருப்பது உன் ஒன்பதாம் பக்கத்துக் குற்றம். என் முகவரி உன்னிடம் இருக்கிறது, அதிகாரி நம்பரும் இருக்கிறது. சொன்னால் தம்பிக்குப் பிறகு என் மேலும் கேஸ் விழும். சொல்லாவிட்டால், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்தை எந்த முகத்தோடு வாசிக்கிறாய் என்று பார்க்கிறேன்.

ஏஞ்சலின்