உகந்த தண்ணீர்

அப்பா,

ஊருக்கு வரும் குழாய்த் தண்ணீரைப் பரிசோதித்துக் கையெழுத்திடுபவர் நீங்கள். நம் வீட்டில் குடிப்பதோ பாட்டில் தண்ணீர். ஏன் என்று யாரும் கேட்பதில்லை என்பதே இங்கே எழுதப்படாத விதி.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். மாத்திரையை மறக்காதீர்கள். காலி பாட்டில்கள் சரிந்து பால்கனிக் கதவு திறக்கவில்லை. “உங்க வீடு என்ன பாட்டில் கம்பெனியா?” என்று குப்பை வண்டிக்காரர் சிரித்துவிட்டுப் போனார்.

காலையில் மேல் வீட்டு அக்கா வந்தார். “அப்பா கையெழுத்துப் போட்ட தண்ணிதானே, பாப்பாவுக்குத் தைரியமாக் கொடுக்கலாம்ல?” என்றார். அம்மா அவசரமாக, “பாப்பாவுக்குப் பல்லு வந்துடுச்சா?” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியில் ஒட்டியிருக்கும் உங்கள் அறிவிப்பைப் படித்தேன். முன்பெல்லாம் ‘குடிக்க உகந்தது’ என்று இருக்கும். இப்போது ‘பயன்படுத்த உகந்தது’ என்றிருக்கிறது. ஒரு சொல்லை மாற்றி உங்கள் மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். ஆனால் பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாதே, அப்பா.

மாற்றுச் சாவி எதிர் வீட்டில் இருக்கிறது.

பி.கு.: மாலையில் அக்கா உங்களிடம் நேரில் கேட்க வருவார். கோபிக்காதீர்கள், மாடியேறி அவரிடம் சொல்லிவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்: “கொடுக்காதீங்க அக்கா. நாங்களே அதைக் குடிக்கிறதில்லை.”