பானெட்டில் அந்தப் புள்ளி வந்த விதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. போனை எடுத்ததும் நீ எதைக் கேட்பாயோ அதையே முதலில் எழுதிவிடுகிறேன், நீ விட்டுப்போன வண்டி நலம். நானும் நலம். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் நலத்தை வரிசைப்படி பின்னால் எழுதுகிறேன், இந்த வீட்டில் வண்டிக்குப் பிறகுதான் அவர், அந்த வரிசையை அவரே போட்டுக்கொண்டார், நீ ஒத்தாசை செய்தாய்.

வாராவாரம் வண்டியை எடுத்து உனக்கு அனுப்பும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் பானெட்டின் இடப்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, எப்படி வந்தது, யார் செய்தது, தகரம் தெரிகிறதா என்று இதுவரை ஐந்து முறை கேட்டுவிட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், அதனால்தான் கடிதம். முதலில் நீ எழுதிக் கொடுத்துப் போன அந்த நான்கு பக்கக் காகிதத்துக்கு வருகிறேன். வண்டிப் பெயிண்ட் பெயரக் காரணங்கள், தடுக்கும் வழிகள் என்று தலைப்பெல்லாம் போட்டிருந்தாயே, அது இப்போது சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டியிருக்கிறது. லாரி தெறிக்கும் கல், பறவை எச்சம், மரப்பிசின், உச்சி வெயில், அழுத்தித் துடைக்கும் முரட்டுத் துணி, பக்கத்து வண்டிக்காரன் படாரென்று திறக்கும் கதவு. ஒன்றும் தப்பில்லை, எல்லாம் சரிதான். ஆனால் உன் அப்பா அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தினவர் என்பதை நீ மறந்துவிட்டாய். எழுதியதில் ஓர் எழுத்து பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. லாரியிடமிருந்து தள்ளியே ஓட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, முன்னால் ஒரு லாரி தெரிந்தால் ஓரமாக நிறுத்தி அது கண்ணுக்கு மறையும்வரை காத்திருப்பார். ரோட்டில் லாரிக்கா பஞ்சம்? உன் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, வண்டியை எடுக்காமலே இருந்தால் பெயிண்ட் பெயராது என்று ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தார். வண்டி வாசலில் நின்றது, நாங்கள் பஸ்ஸில் தொங்கினோம். பட்டறைக்காரர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, கல் பட்டு உரிந்தால் துரு ஏறுவதற்குள் ஒரு பொட்டுப் பெயிண்ட் வைத்தால் தீர்ந்தது, நிற்கிற வண்டிதான் சார் சீக்கிரம் வீணாகும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பா காகிதத்தில் தேடிப் பார்த்துவிட்டு அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை என்றார்.

வண்டிக்குப் போர்த்தும் உறை காற்றில் படபடத்து உரசினாலும் பெயிண்ட் போகும் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அதற்காக நாலு செங்கல்லைப் பழைய துண்டில் சுற்றித் தினமும் உறைக்கு மேலே பாரமாக வைத்தார். பெயிண்டைக் காப்பாற்றப் பெயிண்டின் மேலேயே செங்கல் வைத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதில் எனக்குச் சாவி தரக்கூடாது என்றும் எழுதியிருந்தாயாமே, அம்மா பிரேக்கை ஓங்கி மிதிப்பாள் என்று. குடிநீர் அலுவலக ஜீப்பைப் பதினெட்டு வருஷம் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினவள் நான். அந்த ஜீப்பில் பெயிண்ட் இருந்ததா என்றே எனக்கு நினைவில்லை, மழை நாளில் நீ அதில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனாய் என்பது நினைவிருக்கிறது.

இனிப் புள்ளிக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன், வியாழக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். அப்பா வண்டியைத் துடைத்துவிட்டு, உறையைப் பாதி இழுத்துப் போட்டுக்கொண்டு செங்கல்லைத் தூக்கியிருக்கிறார். டொம்மென்று சத்தம் கேட்டு ஓடினேன். செங்கல் பானெட்டில் விழுந்து உருண்டு கீழே கிடந்தது, அவர் வேர்த்து விறுவிறுத்து வண்டியைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்து முதலில் சொன்னது "பெயிண்ட் போச்சே" என்பதுதான். நெஞ்சு வலிக்கிறது என்று இரண்டாவதாகச் சொன்னார். நான் சாவியை எடுத்து வந்து கதவைத் திறந்தேன். ஏறமாட்டேன் என்றுவிட்டார். நம் தெருவைத் தோண்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள், திருப்பம்வரை ஜல்லி, அத்தனையும் வண்டியில் தெறிக்கும், வாடகை வண்டியைக் கூப்பிடு என்றார். வலியில் இருக்கிற ஆளோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று, புத்தி கெட்டவள், நானும் கூப்பிட்டேன். அது வந்து சேர முப்பத்தைந்து நிமிஷம். அதுவரை அவர் வாசல்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதிரே பளபளவென்று வண்டி நின்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது, உன்மேலும் எரிகிறது, என்மேலும் எரிகிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள், வீட்டில் வண்டி இல்லையா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா மூக்கில் குழாயோடு சொன்னார், "இருக்கு டாக்டர். ஆனா அது பையனோடது." டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த வாரப் படம் இன்னும் வரவில்லையே என்று நீ கேட்டாய். அவனிடம் எதுவும் சொல்லாதே, வேலை கெடும், படத்தை மட்டும் அனுப்பிவிடு என்று படுக்கையிலிருந்தே அப்பா உத்தரவு போட்டார். மாடி வீட்டுக்காரர் படம் எடுத்து எனக்கு அனுப்ப, நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு உனக்கு அனுப்பினேன். நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்து நகக்கண் அளவுப் புள்ளியைக் கண்டுபிடித்தாய். நல்ல கண் உனக்கு. இத்தனை வாரமும் வண்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிற அப்பா அந்தப் படத்தில் இல்லை என்பது மட்டும் அந்தக் கண்ணில் படவில்லை. அதற்கப்புறம் போனில் நீ கேட்டபோதெல்லாம் அவர் தூங்குகிறார், குளிக்கிறார் என்று பொய் சொன்னது நான்தான், அந்தப் பாவம் என்னுடையது.

எட்டாம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நம் வண்டியில், நான் ஓட்டி, அந்த ஜல்லியின் மேலேயே. ஒவ்வொரு கல் தெறிக்கும்போதும் தன் பல்லே பெயர்ந்த மாதிரி முகத்தைச் சுளித்தார். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வண்டி போய் வருகிறது, சக்கரத்து ஓரத்தில் அங்கங்கே உரிந்திருக்கிறது, நான் எண்ணவில்லை. பானெட்டுப் புள்ளிக்குப் பட்டறைக்காரர் பெயிண்ட் வைத்துக் கொடுத்தார், நிறம் ஒரு சாயல் குறைச்சல்தான், மற்றவர்கள் பார்த்தால் தெரியாது, நீ பார்த்தால் தெரியும்.

அவருக்கு மூன்று இடத்தில் அடைப்பு. அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். கையெழுத்துப் போட நான் இருக்கிறேன், அதற்கு நீ வேண்டாம். நேற்று அவர் சுவரிலிருந்து உன் காகிதத்தைப் பிரித்தெடுத்து, ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்து, "அவன் கேட்டா, முடிஞ்ச வரைக்கும் பாத்துக்கிட்டேன்னு சொல்லு" என்றார். இத்தனை நேரம் வாய் கிழியப் பேசினேனே தவிர எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. லீவு கிடைக்காது என்று சொல்லாமல் கிளம்பி வா.

நீயும் மருமகளும் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும், திட்டு எவ்வளவு இருந்தாலும் வாழ்த்தில் நான் குறை வைக்கமாட்டேன். விமான நிலையத்துக்கு நானே வண்டியோடு வருகிறேன், பிரேக்கை ஓங்கித்தான் மிதிப்பேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாசலில் இறங்கியதும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டு நிற்காதே, நேராக உள்ளே போ. வாசல்வரை நடந்து வந்து உன்னைப் பார்க்க அவருக்கு இப்போது மூச்சு போதவில்லை.

உன் அம்மா