ஒருமுறை கூப்பிட்டால் எரியும்

சாந்தன்பாறை
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள ராமலட்சுமிக்கு,

மதினி எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டாயா? தமிழ்ப்ரியா சாப்பிட்டாளா? அதை முதலில் சொல்.

கோபாலபுரத்துக்கு உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். நீ உன் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டாய், இனி தொடவே மாட்டாய் என்றார். என் தம்பி செத்த செய்தி அந்தப் போனில்தானே உனக்கு வந்தது, புரியத்தான் செய்கிறது. ஆனாலும் பத்தாம் வகுப்போடு பேனாவை மூடியவளை நாற்பத்தைந்து வயதில் கடிதம் எழுத உட்கார்த்திவிட்டாயே, அதற்கு உன்னை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்கிறேன்.

இங்கே கோடை மழை இரண்டு தடவை பெய்துவிட்டது. ஏலச்செடிகள் அடியில் சரம் சரமாகப் பூத்திருக்கின்றன. ரோட்டோரத்து ஊதாப்பூ மரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறானால் டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பூவைப் பார்த்து எரிச்சல்படுகிற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். நல்லமுத்து இல்லாத வருஷம் எதற்கு இப்படிப் பூக்க வேண்டும்? என் வீட்டுக்காரர், அதுதான் உன் வேலு அண்ணன், உங்கள் வீட்டு வாசல் ரோஜாவுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறார். எனக்கு ஒரு வாய் காப்பி போட்டுத் தரச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

ஜெகனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். நிறுத்த வைத்தது நான்தான். எஸ்டேட் லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிப்போய் பாரஸ்ட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தேன். குன்றின் மேல் அந்தச் சிவப்பு விளக்கை நட்ட அன்று நீயும் என் பக்கத்தில்தான் நின்றாய். கம்பத்துப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. ஒருமுறை கூப்பிட்டால் எரியும், மறுமுறை கூப்பிட்டால் அணையும். விளக்கு எரிந்தால் ஆனை இறங்கியிருக்கிறது, யாரும் காட்டுப் பாதையில் நடக்கக் கூடாது. பதிந்தது இரண்டே நம்பர். மகளிர் குழுச் செயலாளர் என்று என்னுடையது, ஆனை வாட்சர் என்று ஜெகனுடையது. நல்லமுத்துவை ஆனை அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இல்லை. அவன் இருந்தான். ஒரு மிஸ்டு கால் கொடுக்க அவனுக்குக் கை என்ன வலித்ததா? என் தம்பியை இருட்டில் நடக்கவிட்டவன் இனி இந்த லயத்தில் தலைநிமிர்ந்து நடக்கக் கூடாது.

தமிழ்ப்ரியாவுக்கு ஏலக்காய் போட்ட முறுக்கு அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பிள்ளையும் அவள்தான், பேத்தியும் அவள்தான். அத்தையை மறந்தால் காதைத் திருகுவேன் என்று சொல்.

உன் மதினி,
முருகேஸ்வரி


கோபாலபுரம்
20.3.2025

அன்புள்ள மதினிக்கு,

முறுக்கு உடையாமல் வந்தது. தமிழ்ப்ரியா ஒரு நாளைக்கு ஒன்று என்று எண்ணி வைத்துத் தின்கிறாள். தீர்ந்தால் அத்தை ஊரும் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாள் போல. இரண்டாம் வகுப்பில் சேர்க்க அண்ணன் இங்கே பள்ளியில் பேசியிருக்கிறார்.

அண்ணன் வீட்டில் எல்லாரும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணி இந்த ஊர்க்காரி, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, "இப்படியே ஊட்டுக்குள்ள உக்கோந்திருந்தா எப்படிங்க? ஆழியாறு வரைக்கும் போய்ட்டு வரலாம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அணைக்கட்டில் பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். தமிழ்ப்ரியாகூடச் சிரித்தாள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் போனதும் ஞாயிற்றுக்கிழமைதானே.

மதினி, ஜெகன் இங்கே வந்தார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். நான் உள்ளே கூப்பிடவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வாசலில் நின்றே சொன்னார்: "அக்கா, எம்புள்ள மேல சத்தியமா நான் வெளக்கப் போட்டேன். செவப்பா எரிஞ்சதக் கண்ணால பாத்துட்டுத்தான் மேல் லயத்துல சொல்ல ஓடுனேன்." அழுதார். அவர் பொய் சொல்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு இருட்டுகிற நேரத்தில் உங்கள் தம்பியை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்ட மிக்கேல் அண்ணன், குன்று இருட்டாக இருந்தது, எரிந்திருந்தால் இறக்கிவிட்டே இருக்க மாட்டேன் என்கிறார். இரண்டு பேரில் யாரை நம்புவது? விளக்கு எரிந்தது என்றால், உங்கள் தம்பி குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் நடந்தார் என்றாகும். இங்கே வரைக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. அன்றைக்கு அவர் பூப்பாறைக்குப் போனது பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்க. அந்த மருந்துப் பாட்டில் உடையாமல் கிடந்ததே, நீங்கள்தானே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தீர்கள். பிள்ளை வளர்ந்து, எங்கப்பா குடிச்சிட்டுத்தான் செத்தாரா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அன்றைக்கு மாட்டுப்பட்டி அணையைப் பார்க்க உங்களோடு நாங்களும் வருவதாகத்தானே இருந்தது. காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் வந்திருப்போம். அந்த நாளை எனக்கு எழுதுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எல்லாம். நாங்கள் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று படித்துக்கொள்கிறேன்.

உங்கள்,
ராமலட்சுமி


சாந்தன்பாறை
30.3.2025, ஞாயிறு

அன்புள்ள ராமலட்சுமிக்கு,

நீ கேட்டதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அந்த நாளை வாயில் எடுக்கவே மாட்டேன்.

குழுப் பெண்கள் எட்டுப் பேர், உன் வேலு அண்ணன். பேச்சுக்காரி ஜின்சி மட்டும் ஊரில் இருந்துகொண்டாள். இரண்டு ஜீப். காலையில் புளிச்சோறு கட்டினேன், உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, நீங்கள் வரவில்லை என்றதும் உன்னைத் திட்டினேன். போட்டில் ஏற உன் வேலு அண்ணனுக்குப் பயம். இத்தனை வருஷம் மரமேறிக் கிளை வெட்டிய மனுஷன், முழங்கால் தண்ணீருக்கு நடுங்குகிறார். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் மூச்சு முட்டுது என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சோளக்கதிர் வாங்கி மிளகாய்த்தூள் தடவித் தின்றோம். தமிழ்ப்ரியாவுக்கு ஒரு பலூன் வாங்கினேன், அது இன்னும் என் பெட்டியில் சுருங்கிக் கிடக்கிறது.

அக்கரைப் புல்வெளியில் இரண்டு ஆனை மேய வந்தது. போட்டிலிருந்த ஜனங்கள் எல்லாம் கைதட்டி விசில் அடித்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். நானும் போட்டோ எடுத்தேன். எடுத்த கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது இப்போது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஜெகன் ஒருத்தன்தான் கடமைக்காரன் என்று உன் வாசலில் வந்து அழுதானே, அங்கே போயும் நான் ஊரை மறக்கவில்லை. மாட்டுப்பட்டியில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். திரும்புவதற்கு ஜீப்பில் ஏறும்போது பொலபொலவென்று மெசேஜ் வந்து விழுந்தது. ஜின்சி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்: "ஆனை ஓடைப்பக்கம் எறங்கிருச்சு, யாராச்சும் வெளக்கப் போடுங்க." ஜெகன் வைத்திருப்பது பட்டன் போன், அவன் குழுவிலேயே இல்லை. அவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று, ஒரு கால் ஜீப்பிலும் ஒரு கால் ரோட்டிலுமாக நின்று, விளக்குக்கு நானே மிஸ்டு கால் கொடுத்தேன். ஒரு ரிங் போய்க் கட்டானது. அப்பாடா என்று இருந்தது. உன் வேலு அண்ணனிடம்கூடச் சொன்னேன், நாப்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு வெளக்கேத்துறவ நான் ஒருத்திதான்னு.

ஆக, அவன் போடாவிட்டாலும் நான் போட்ட விளக்கு எரிந்திருக்க வேண்டும். அப்புறம் எப்படி இருட்டாக இருந்தது? அவன்தான் எதையோ செய்து அணைத்துத் தொலைத்திருக்கிறான். ஏப்ரல் 22ஆம் தேதி விசாரணை இருக்கிறது. நான் போய் நாலு பேர் முன்னால் கேட்காமல் விடமாட்டேன். நீ அவன் கண்ணீரை நம்பாதே.

தமிழ்ப்ரியா பள்ளி லீவுக்கு இங்கே வரட்டும். இரண்டு மாதமும் நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் மதினி,
முருகேஸ்வரி


கோபாலபுரம்
7.4.2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். புளிச்சோறு கட்டியதைப் படித்தபோது அழுதேன். அதற்குக் கீழே படித்தபோது அழுகை நின்றுவிட்டது.

ஜெகன் அன்று தன் போனைக் காட்டிவிட்டுத்தான் போனார். விளக்கின் நம்பருக்கு அவர் கூப்பிட்ட நேரம் சாயங்காலம் 5.41.

நீங்கள் கூப்பிட்டது எத்தனை மணிக்கு? உங்கள் போனில் இருக்கும். 22ஆம் தேதிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். வேறு யாரிடமும் நான் இதைக் கேட்கவில்லை.

இங்கே எல்லாரும் சுகம்.

ராமலட்சுமி


சாந்தன்பாறை
27.4.2025, ஞாயிறு

ராமலட்சுமி,

5.54.

உன் கடிதம் வந்த அன்றே பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு, மாட்டுப்பட்டியில் என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, நேரம் எல்லாம் அழிந்துவிட்டது என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஸ்டாம்ப்கூட ஒட்டினேன். விஷு அன்று காலையில் வாசலில் கொன்றைப்பூ வைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டு ரோஜாவுக்கு உன் வேலு அண்ணன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போய் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

ஜெகன் ஏற்றியதை நான் அணைத்தேன். பதின்மூன்று நிமிஷம் எரிந்த விளக்கு. விளக்கை நட்ட அன்று பாரஸ்ட்காரர் என்னையும் ஜெகனையும் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னார், குன்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுதான் கூப்பிட வேண்டும், எரியுதா இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று. நான் தலையாட்டினேன். கூடவே, இதுல என்ன சார் பெரிய வித்தை இருக்கு என்று சிரித்தேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். உனக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்கு இல்லை.

22ஆம் தேதி போனேன். போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னேன். அந்தப் பெட்டியில் இருந்த சிம்மையும் எடுத்துப் பார்த்தார்கள். 5.41 ஒன்று, 5.54 ஒன்று, இரண்டே மிஸ்டு கால். மிக்கேல் சொன்னதும் உண்மை, ஜெகன் சொன்னதும் உண்மை. ஜெகனை அன்றைக்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். என் நம்பரை எடுத்துவிட்டார்கள். தெரியாமல் நடந்தது, கேஸ் இல்லை, போய் வாருங்கள் என்றார்கள். போய் வாருங்கள் என்றால் எங்கே போவது?

ஜெகன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. படியிறங்கும்போது, "ரெண்டு மாசமா எம்பொண்டாட்டிகூட என்னைய நம்பலக்கா" என்று மட்டும் சொன்னான். அவன் காலில் விழப்போனேன். விலகிப் போய்விட்டான். உன் வேலு அண்ணன் என்னோடு பேசுகிறார், சாப்பிடச் சொல்கிறார், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை.

அம்மா செத்தபோது நல்லமுத்துவுக்கு நாலு வயது. இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் வளர்த்தேன். அவனை நானே கொன்றேன். லயத்தில் எல்லாரும் அப்படிச் சொல்லாதே என்கிறார்கள். வேறு எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

அவன் குடித்திருக்கவில்லை, நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் நடந்தான் என்று ஆபீஸில் எழுதி வாங்கியிருக்கிறேன். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரமாக வை.

என்னைத் திட்டி எழுது. வாய்க்கு வந்தபடி எழுது. ஆனால் பிள்ளையை லீவுக்கு ஒரு வாரமாவது அனுப்பு. ஒரு நாளாவது.

முருகேஸ்வரி


கோபாலபுரம்
9.5.2025

மதினிக்கு,

கடிதமும் காகிதமும் கிடைத்தன. ஜெகனும் வந்து போனார். இந்தத் தடவை உள்ளே உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக உட்காருகிறேன், அந்த வரி வர மாட்டேன் என்கிறது. காப்பாற்றத்தான் கூப்பிட்டீர்கள் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவர் இருந்தால், எங்க அக்காதானே, விடு என்று சொல்லியிருப்பார். உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்தவர், அவரால் முடியும். என்னால் முடியவில்லை.

அவர் விளக்கைப் பார்த்தார், அது எரியவில்லை, அதை நம்பி நடந்தார். இதைத் தமிழ்ப்ரியாவிடம் தைரியமாகச் சொல்வேன். நீங்கள் போய் உண்மையைச் சொன்னதால்தான் இது எனக்குக் கிடைத்தது, அதை மறக்கமாட்டேன். விளக்கை யார் அணைத்தது என்று அவள் கேட்டால் சொல்லமாட்டேன். அவளுக்கு அத்தை என்று ஒருத்திதான் இருக்கிறாள்.

லீவுக்கு அவளை அனுப்பமாட்டேன். முறுக்கும் அனுப்ப வேண்டாம்.

பீரோவிலிருந்து போனை எடுத்துவிட்டேன். ஜூன் மாதம் இங்கே ஒரு நர்சரியில் வேலைக்குச் சேருகிறேன், போன் இல்லாமல் முடியாது. நம்பர் பழைய நம்பர்தான். ஆனால் நீங்கள் கூப்பிட வேண்டாம், மதினி. எனக்கு மனசு வருகிற அன்று நான் கூப்பிடுகிறேன். வராமலும் போகலாம்.

வாசல் ரோஜாவை வேரோடு எடுத்து உங்கள் வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு இனி வேறு யாராவது வந்துவிடுவார்கள்.

நல்லமுத்துவின் மனைவி,
ராமலட்சுமி