திரை கெட்டுப்போகவில்லை

சனிக்கிழமை.

இன்று பெம்பானில், என் மகள் யாழினி இரண்டாம் ஆண்டு படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவளுக்கு டிஸ்லெக்சியா என்பதை அவள் அப்பா இன்னும் நம்பவில்லை. சோம்பேறித்தனமாம். அதனால்தான் மாதக்கணக்காக, ஆபீஸ் முடிந்து வந்த பிறகு உட்கார்ந்து டேப்லட்டில் ஒரு பாடம் வடிவமைத்தேன். அவளுக்குத் தெரிவதுபோலவே, படிக்கப் படிக்க எழுத்துகள் இடம் மாறும், வரிகள் நழுவும். எல்லாப் பெற்றோருக்கும் என்றுதான் பள்ளியில் சொன்னேன். உண்மையில் அவர் ஒருவருக்காகத்தான் செய்தேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அதைப் போட்டியாக்கிவிட்டார். முதலில் படித்து முடிப்பவருக்கு ஒரு பிஸ்கட் டின். யாழினியின் அப்பா இரண்டாவது வரியிலேயே தடுமாறினார். பின்வரிசையில் சிரித்தார்கள். இவருக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. யாழினி பக்கத்தில் போய் நின்றாள்.

"மெதுவா படிங்கப்பா. நான் சிரிக்கமாட்டேன்."

புரிந்துவிடும் என்று அந்த நிமிடம் நினைத்தேன். அவர் டேப்லட்டை என் மடியில் போட்டார்.

"இது ரோசாக்கா போச்சு லா. சரி பண்ணிட்டு கொண்டா." திரை கெட்டுப்போய்விட்டது என்று மலாய் கலந்து சொன்னார்.

இரவு வீட்டில் சாப்பிட்டதும் வழக்கம்போல் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு அவளைப் படிக்கச் சொன்னார். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். புத்தகத்தை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, இதுவும் ரோசாக்கா போச்சு."

கேலி செய்கிறாள் என்று பிரம்பை எடுத்துவிட்டார். நான் குறுக்கே விழுந்து அவளை அறைக்கு இழுத்து வந்தேன். இனி எதைச் செய்து காட்டி அவருக்குப் புரியவைப்பேன்?

பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா, டேப்லட்ட சரி பண்றப்போ என் புத்தகத்தையும் சரி பண்ணிடுங்க."