பிடரியில் ஒரு கை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று திருகைக் கீழே போட்டுப் போட்டுப் பொறுக்கினேன். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் போடும் திருகு, எள்ளளவுதான் இருக்கும். முதலாளி பார்த்தார். ஒரு காந்தத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

சாயங்காலம் மல்யுத்தப் பயிற்சிக்கூடம். வழக்கம்போல் 'கார்டு' என்கிற கால்பூட்டுக்குள் மாட்டிக்கொண்டு குனிந்தேன். வேடிக்கையான இடம் அது. மல்லாக்கப் படுத்திருப்பவள் இரண்டு காலாலும் நம் இடுப்பைச் சுற்றிப் பூட்டிக்கொள்கிறாள். நாம் அந்தக் கால்களுக்கு நடுவில் மண்டியிட்டிருக்கிறோம். பார்க்கிறவர்களுக்கு மேலே இருப்பவள் ஜெயிப்பது போலத் தெரியும். உண்மையில் மாட்டிக்கொண்டவள் அவள்தான். பிடரியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்துவிட்டால் போதும், கழுத்தை நெரிக்கலாம், கையை முறுக்கலாம், கீழே இருப்பவள் வைத்ததுதான் சட்டம். குனியாமலிருக்க நம் முதுகு நேராக, பார்வை எதிர்ச் சுவரில், பாரம் முழுக்க இடுப்பில், இரண்டு கையும் அவள் வயிற்றில் ஊன்றி, முழங்கை ஒடுங்கி இருக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் தலை கீழே போய்விடும்.

"கழுத்தால தாங்காத, இடுப்பால தாங்கு! எத்தன வருஷமா சொல்றேன்?" மாஸ்டர் இன்றும் கத்தினார். தெரியாமலா இருக்கிறது? ஆனால் யாராவது இழுத்தால் என் கழுத்துதான் முதல் ஆளாக முறைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டிலும் அதே கதைதான் என்பார் என் கணவர்.

மார்ச் 6

வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருக்கின்றன. கோணலாகப் படுத்திருப்பேன்.

மார்ச் 12, புதன்

கோணலாகப் படுத்ததால் இல்லை.

ஸ்கேன் எடுக்க நாத்தனார் கூட வந்தாள். என் கணவரின் தங்கை. மருந்துக்கடையில் பில் போடுகிறாள். என்னைப் பார்த்துத்தான் பயிற்சிக்கு வந்தாள், இப்போது என் எடைப் பிரிவிலேயே எனக்குப் போட்டி. துணி எடுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தோம். சொன்னது பொய்யாகக் கூடாதென்று திரும்பும்போது ஒரு கைக்குட்டை வாங்கினாள். அந்த மாதிரிப் பெண்.

"கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டு பிதுங்கி நரம்ப அழுத்துது. இனிமே கழுத்த வெடுக்குன்னு ஒரு தடவ இழுத்தா, கை போயிடும்மா. என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் டாக்டர்.

கண்ணாடிக்கடை என்றேன். மல்யுத்தம் பற்றி நாத்தனார்தான் போட்டு உடைத்தாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "விட்டுடுங்க அண்ணி."

"அடுத்த மாசம் போட்டிக்கு ஆள் எடுக்கற தேர்வு முடியட்டும்."

"அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. அப்புறம் என் மூஞ்சியில முழிக்காத."

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். இரண்டு பஸ்ஸை விட்டோம். பிறகு அவளாகவே, "அப்போ என்கூட மட்டும் பயிற்சி பண்ணுங்க. வேற யார்கூடயும் வேணாம்" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 13

எதற்கு இந்தப் பிடிவாதம்? அவள் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். பதக்கத்துக்கா? வீட்டில் ஆணி அடிக்கக்கூட இடமில்லை.

பகல் முழுக்க அடுத்தவர் கண்ணுக்காகக் கூனிக்கொண்டு கண்ணாடி தேய்க்கிறேன். ஒவ்வொரு வருடமும் தேர்வில் தோற்று வருகிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி — கார்டுக்குள், தலை குனிந்து. அடுத்த வருடம் மாஸ்டரே "நீ சின்னப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடு" என்று ஓரமாக உட்கார வைத்துவிடுவார். ஒரே ஒரு தடவை, இழுக்க இழுக்க நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான். அது எனக்கு வேண்டும்.

மார்ச் 27

நிமிர்கிறேன்!

நாத்தனார் பிடரியைப் பிடித்து இழுக்கிறாள், நான் அசையவில்லை. சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மண்டையில ஏறியிருக்கு" என்றார். நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பித் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கொஞ்சம் பொறாமையோ என்னவோ.

ஏப்ரல் 19, சனி

நான்தான்!

தேர்வில் எடைப் பிரிவுக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். கடைசி ஆட்டம் நாத்தனாருடன். அவள் கார்டில் மாட்டினேன், பதறவே இல்லை. நிமிர்ந்தேன், எழுந்து நின்றேன், காலைப் பிரித்தேன், பக்கவாட்டில் போய் அமுக்கினேன். கணவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டே ஊளையிட்டார் — தங்கைக்கா பெண்டாட்டிக்கா என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் பெரிய போட்டி. நாத்தனார் மாற்று ஆள்.

விரல்களைப் பற்றி இன்று எழுத மாட்டேன்.

ஏப்ரல் 21

படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். பார்த்தே இருக்க வேண்டாம்.

பிடரியை வெறுங்கையால் இழுத்தால் யாரும் குனிய மாட்டார்கள். முழங்கால்களையும் சேர்த்துத் தன் மார்புப் பக்கம் இழுக்க வேண்டும். இது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படத்தில் அவள் முழங்கால் அசையவே இல்லை. கை என் பிடரியில் இருக்கிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. பூனையைத் தடவுகிற மாதிரி வைத்திருக்கிறாள்.

அப்படியென்றால் மார்ச் முழுக்க? நான் கடிகாரம் பார்த்ததெல்லாம்?

ஏப்ரல் 22, செவ்வாய்

மருந்துக்கடைக்கே போனேன். பில் போடும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று.

"உங்க கழுத்து போனா அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?"

"அதுக்குப் பிச்ச போடுவியா?"

"பிச்ச இல்ல அண்ணி. பயம்." வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவள் கண் கலங்கிவிட்டது. "இப்பவாவது வேணாம்னு சொல்லுங்க. பெரிய போட்டியில எதிர்ல வர்றவ பாவம் பாக்க மாட்டா."

"அது எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன், சாயங்காலம் வா. நிஜமா இழு. தாங்குனா போறேன், தாங்கலன்னா நிறுத்திடறேன்."

"மாட்டேன்."

"இழுக்கலன்னா நேரா அங்க போய்த்தான் தெரிஞ்சுக்கணும். எது நல்லதுன்னு நீயே சொல்லு."

பாவி, நான் அவளை அந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தினேன். எனக்கு அப்போது கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போதும் அதுதான் இருக்கிறது. ஏழு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.

மே 6

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கிறது.

அன்று சாயங்காலம் பயிற்சிக்கூடத்தில் நடந்ததை எழுதிவிடுகிறேன். முதல் இழுப்பு நிஜம். முழங்காலோடு சேர்த்து இழுத்தாள். தாங்கினேன். இரண்டாவதும் தாங்கினேன், கழுத்தால் அல்ல, இடுப்பால். இதை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அடிப்பார்கள்: அந்த இரண்டு இழுப்புக்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவதில், அவள் வயிற்றில் ஊன்றியிருந்த என் வலது கை வழுக்கியது. மரத்த விரல்களுக்கு அது வழுக்குவதே தெரியவில்லை. ஒரு பக்க முட்டு போனதும் மொத்த இழுப்பும் கழுத்தில் வந்து விழுந்தது. தோளிலிருந்து விரல்வரை கொதிக்கிற தண்ணீர் ஓடியது. இடது கையால் தரையைத் தட்டினேன். அதற்கு முன்பே அவள் விட்டுவிட்டாள். அவள் அலறினது வெளியே தெருவரை கேட்டதாம்.

ஆபரேஷன் முடிந்துவிட்டது. கழுத்தில் பட்டை. வலது கை வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். முதலாளி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்றார். என் நாற்காலியில் வேறு பெண்ணை உட்கார வைத்தாகிவிட்டது என்று கணவர் பிறகு சொன்னார்.

கணவர் தன் தங்கையோடு பேசுவதில்லை. நான்தான் இழுக்கச் சொன்னேன் என்று எத்தனை தடவை சொல்லியும், "நீ சொன்னா? அவ புத்தி எங்க போச்சு?" என்கிறார். படுத்துக்கிடப்பவளைத் திட்ட மனசு வரவில்லை, எதிரில் இல்லாத அவளைத் திட்டுகிறார். சோறு ஊட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மே 9

அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். வாசலிலேயே நின்றாள். மாற்று ஆள் என்பதால் போட்டிக்கு என் இடத்தில் அவள் போக வேண்டுமாம்.

"நான் போகல அண்ணி."

"போடி. நீயும் போகலன்னா எதுக்கு இத்தனையும்?"

என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ள நினைத்தேன். அது வரவில்லை, இடது கையால் எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருந்தது.

"நீங்களும் வந்தா போறேன்" என்றாள்.

மே 24, சனி

போனேன். கணவர் வர மறுத்துவிட்டார். பஸ்ஸில் நாத்தனார் எனக்கு ஜன்னலோரம் கொடுத்து, பள்ளம் வரும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு முதல் ஆட்டமே கடைசி ஆட்டம். எதிராளி பலசாலிதான், ஆனால் பெரிய கெட்டிக்காரி இல்லை. நாத்தனாரின் கார்டுக்குள் வந்ததும் முதுகைக் கூனினாள், தலையைத் தொங்கவிட்டாள், முழங்கை இரண்டும் விரிந்து கிடந்தன. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முடிந்தது.

நாத்தனார் கையை அவள் பிடரியில் வைத்தாள்.

"இழு!" என்று கத்தினேன். பட்டைக்குள்ளிருந்து சத்தம் சரியாக வரவில்லை. எழுந்து நின்று மறுபடி கத்தினேன். "இழுடி!" அவளுக்குக் கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கை அங்கேயே இருந்தது. விரல்கள் மூடவில்லை.

எதிராளி சாவகாசமாக நிமிர்ந்தாள், காலைப் பிரித்தாள், தாண்டிப் போய் அமுக்கி ஜெயித்தாள்.

உடை மாற்றிக்கொண்டு வந்த நாத்தனார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டினாள்.

"ரொம்ப கத்துனீங்களே அண்ணி. கழுத்து வலிக்குதா?"

இல்லை என்றேன். என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள்.