பச்சை எஞ்சினுக்குச் சத்தம் வந்த கதை

மருதமுனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீயும் அப்னாவும் நலமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. நாங்கள் சுகம். வழக்கத்துக்காக எழுதவில்லை, இந்த முறை உண்மையாகவே சுகம்.

ஃபோன் இருக்க ராத்தா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். எங்கள் வீட்டில் ஓர் அறையில் கதைத்தால் மற்ற அறைக்கும் கேட்கும். உன் மச்சான் காதுபடக் காசைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. லீவு முடிந்து அங்கே திரும்பி வருகிற மீராமுகைதீன் காக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கத்தாரில் வேலை செய்த காலத்தில் அவர் வாங்கிச் சேர்த்த குட்டி ரயில் எஞ்சின்களை நீ பார்த்திருக்கிறாய். பின்னறையில் பெரிய பலகை மேசை போட்டு, தண்டவாளம் பூட்டி, அவை ஐந்தையும் மாறி மாறி ஓட்டுவார். சீனி வருத்தம் முற்றிக் கண் பார்வையைக் கொண்டுபோன பிறகு ஒருநாள் பழக்கத்தில் ஓட்டப் பார்த்தார். ரயில் எங்கே நிற்கிறதென்று தெரியாமல் வேகத்தைக் கூட்டிவிட்டார். வளைவில் எஞ்சின் கீழே விழுந்தது. மேசைக்கு மேல் ஒரு பழைய படங்கைப் போட்டு மூடச் சொன்னார். அதன் பிறகு கட்டிலை விட்டு எழும்புவதே குறைவு. ஜும்ஆத் தொழுகைக்குக்கூட நான் மன்றாட வேண்டியிருந்தது.

எஞ்சினுக்குள் சத்தம் வைக்கலாம் என்று நீ சொன்ன அன்று நான் உன்னை ஏசினேன், ஞாபகமா? எஞ்சின் வாங்கிய விலையை விட அதற்குச் சத்தம் வைக்கிற விலை கூட என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? மலிவாக முடிக்கலாம் என்று மேசைக்கடியில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, ஃபோனில் ரயில் சத்தத்தைப் போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் காது கொடுத்தார். "சத்தம் ஒரே இடத்தில நிக்கிது புள்ள. ரயில் எங்க போகுது எண்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சத்தமும் ரயிலோடு ஓட வேண்டும்.

பிறகு நானே கேட்டு நீ அனுப்பிய சத்தச் சிப் சுங்க வரியெல்லாம் கட்டி வந்து சேர்ந்தது. நகத்தளவு இருக்கும். பூட்டுவது யார்? "தறியில அறுந்த நூலை முடியிற கை உன்ட கை, உன்னால ஏலும்" என்று என்னிடம் சொன்னார். பச்சை எஞ்சினைக் கழற்றி, அவர் சொல்லச் சொல்ல நான் ஈயம் உருக்கி ஒட்டினேன். முதல் தடவை கரிந்த வாடை வந்தது. அவ்வளவு காசும் புகையாய்ப் போயிற்று என்று பயந்து எஞ்சினை அவரிடம் நீட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, "வயர்ட தோல்தான் எரிஞ்சிருக்கு. பயப்படாம திரும்ப ஒட்டு" என்றார்.

திரும்ப ஒட்டினேன். மெல்ல உறுமிக்கொண்டு எஞ்சின் புறப்பட்டது, தம்பி. அது போகிற பக்கமெல்லாம் அவர் முகமும் திரும்பியது. வளைவு வந்ததும் தானாகவே வேகத்தைக் குறைத்தார். ஸ்டேஷனுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி ஹோர்ன் அடித்தார். "இது மட்டக்களப்பு ரயில்ட ஹோர்ன் மாதிரி இல்லையே" என்றேன். "நம்மட ஊருக்கு ரயிலே வாறல்ல. வாறது எந்த நாட்டுச் சத்தத்தில வந்தா என்ன?" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை மாதம்!

போன வெள்ளிக்கிழமை ஒருவரும் சொல்லாமலே குளித்து உடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு சுபியானைக் கூப்பிட்டு ஜும்ஆவுக்குப் போனார்.

மற்ற நாலு எஞ்சினுக்கும் நீ சிப் அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம். அப்னாவுக்கு இது ஆறாம் மாதம். வீட்டு வாடகையும் கூடிவிட்டதாக அறிந்தேன். ஆனால் ஒன்று மட்டும் வாங்கி அனுப்பு, வேறு ஹோர்ன் உள்ளதாக. "எதிர்ப்பக்கத்தால ஒரு ரயில் வந்தாத்தான் ஓட்டம், அத நீதான் ஓட்டணும் புள்ள" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குரிய காசைக் காக்காவிடம் தந்திருக்கிறேன். நோன்புப் பெருநாளைக்கு நான் நெய்த சாரன் துணியெல்லாம் விற்றுப்போயிற்று. திருப்பி அனுப்பாதே, அது என் ரயில்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்தால் அவர் கையைப் பிடித்து நடத்தப் பார்க்காதே. நேரே பின்னறைக்குப் போய், "மச்சான், எனக்கும் ஓட்டப் பழக்குங்க" என்று கேள். கொஞ்சம் பிழையாக ஓட்டு. அவர் திருத்தட்டும்.

உங்கள் பிள்ளை நல்ல சுகத்தோடும் கண்ணில் நிறைந்த வெளிச்சத்தோடும் பிறக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். உன் மச்சான்தான் கூட நேரம் கையேந்தி இருக்கிறார்.

உன் வரவை எண்ணியிருக்கும்
ராத்தா ஹுஸ்னியா